படிச்சிட்டு மூடுங்க, அண்ணாச்சி

செய்தி வந்தபோது ஜெயந்தியின் பெயர் என் திரையில் இருந்தது. திங்கட்கிழமை காலைக் கூட்டம். பாதிப் பேர் அலுவலகத்திலும் மீதிப் பேர் அவரவர் வீட்டிலுமாக ஒரே வடிவமைப்புக் கோப்பைத் திறந்து வைத்திருந்தோம். கோப்புக்குள் யார் யார் இருக்கிறார்களோ, அவர்களுடைய பெயர் மேலே ஒரு சிறு வட்டத்தில் தெரியும். ஜெயந்தியின் பச்சை வட்டமும் தெரிந்தது. “ஜெயாதி உள்ளேதான் இருக்கிறார், மைக்கைத்தான் போடவில்லை” என்றாள் எங்கள் வடிவமைப்பாளர் மிதாலி; வங்காளத்தில் அக்கா என்கிற ‘தீதி’யைச் சுருக்கி அவள் ஜெயந்தியை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் வழக்கம்போலப் பொறுமையில்லாமல், “ஜெயந்தி, கேக்கறதா? ஆரம்பிக்கலாமா?” என்று இரண்டு முறை சத்தம் போட்டேன். அப்போதுதான் கைப்பேசி அடித்தது. ஜெயந்தியின் கணவர் முருகேசன்.

“அண்ணாச்சி, ஜெயந்தி போயிட்டா அண்ணாச்சி” என்றார். “கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்தவ, சோறு வடிச்சிட்டு வாரேன்னு எந்திரிச்சா. அடுப்படியிலயே விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.”

ஹௌரா பக்கத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் அவருடைய மடிக்கணினி திறந்தபடியே கிடந்திருக்கிறது. கூட்டத்தைக் கலைத்த பிறகும் நான் அந்தப் பச்சை வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேட்டரி தீர்ந்ததோ, யாராவது மூடினார்களோ, பதினோரு மணி வாக்கில் அது போய்விட்டது.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு ஜெயந்தியைத் தெரியும். சாந்த்ராகாச்சித் தமிழர்களுக்கு அவர் துர்கா பூஜைப் பந்தலில் பெரிய வாணலியை வைத்துக்கொண்டு அல்வா கிண்டியவர். சிக்னல் பிரிவில் வேலை பார்க்கும் முருகேசனுக்கு மாற்றல் வந்து, திருநெல்வேலியிலிருந்து ஒரு கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர். எங்களுக்கு அவர் வேறு ஆள். துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் முகவர்களுக்காக நாங்கள் ஒரு செயலி செய்கிறோம். அதன் ஒவ்வொரு திரையையும், அது உருவாவதற்கு முன்பே, மாதிரியாக இருக்கும்போதே, உட்கார்ந்து குறை கண்டுபிடிப்பது ஜெயந்தியின் வேலை. குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரே பெண்பிள்ளை நீங்கள்தான் என்று நான் கேலி செய்வேன். “வீட்ல சும்மா சொல்லுதேன், இங்க காசு குடுக்காங்க” என்பார்.

நான் இங்கேயே, பாலிகஞ்சில், பிறந்து வளர்ந்த தமிழன். அலுவலகத்தில் எல்லாருக்கும் கிரிதா, அதாவது கிரி அண்ணன். ஜெயந்திக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே அண்ணாச்சி. எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். எனக்கு எதுவும் இன்றைக்கே முடிய வேண்டும். அவருக்கு எதுவும் சரியாக முடிய வேண்டும்.

எங்கள் சண்டைகளில் பெரியது, வடிவமைப்பு மென்பொருள் தேர்ந்தெடுத்தபோது நடந்தது. அதுவரை மிதாலி ஒரு திரையை வரைந்து மின்னஞ்சலில் அனுப்புவாள். நான் ஒன்றைத் திருத்துவேன், ஜெயந்தி வேறொன்றைத் திருத்துவார். கடைசியில் ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகள் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். எல்லாரும் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் வேலை செய்கிற மென்பொருள் ஒன்றை வாங்கலாம் என்று நிர்வாகம் சம்மதித்தது. மூன்றைப் பரிசோதித்து ஒன்றைச் சொல்ல வேண்டிய பொறுப்பு எங்கள் மூவருக்கு. நான் ஓர் அட்டவணை போட்டேன். வேகம், விலை, கற்றுக்கொள்ளும் நேரம் என்று எல்லாரும் போடுகிற வரிசைகள்தான். மறுநாள் பார்த்தால் கீழே ஜெயந்தியின் வரிசைகள் முளைத்திருந்தன. ‘லோக்கல் ரயிலில் திறக்குமா?’ என்பது முதலாவது.

சிரித்தேன். “சிரிக்காதீங்க, ஒருநாள் என்கூட வாங்க” என்றார். போனேன். சாந்த்ராகாச்சியில் ஏறியபோதே கூட்டத்தில் என் ஒரு கால்தான் தரையில் இருந்தது. மற்றவர்கள் தோளுக்கு நடுவே கைப்பேசியைப் பிடித்தபடி, ஜெயந்தி மூன்று மென்பொருள்களிலும் ஒரே திரையைத் திறந்து ஒரே குறிப்பை எழுதினார். எனக்கு மிகவும் பிடித்திருந்த மென்பொருள் தாஸ்நகரில் வெள்ளைத் திரையானது. ஹௌராவுக்குள் நுழைய இடம் கிடைக்காமல் டிகியாபாடாவில் வண்டி வழக்கம்போல நின்றது. அப்போதும் வெள்ளைதான். எழுதிய குறிப்பும் போய்விட்டது. “நல்ல இணைப்பு இருந்தால் இந்தப் பிரச்சினை வராது” என்றார் பிறகு அதன் விற்பனையாளர். ஜெயந்தி அவரிடம் மரியாதையாகவே சொன்னார்: “நல்ல இணைப்பு இருக்கவங்க எங்களுக்கு வேலை பாக்கலையே சார்.” அந்த மென்பொருள் அன்றே பட்டியலிலிருந்து கழன்றது.

அவருடைய இரண்டாவது வரிசைக்கான சோதனை, துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில். அங்கே ஒரு முகவர் அலுவலகத்தில் முப்பது வருடமாக எழுத்தராக இருக்கும் பிஸ்வாஸ் பாபுவின் கைப்பேசிக்கு மாதிரித் திரைகளின் லிங்க்கை அனுப்பினோம். மாதிரி என்றால் வெறும் தோற்றம்தான். அழுத்தினால் அடுத்த படம் வரும், உண்மையில் எதுவும் நடக்காது. மிதாலி அதை அவ்வளவு தத்ரூபமாகச் செய்திருந்தாள். நாங்கள் கிளம்பி வந்த பிறகு பிஸ்வாஸ் பாபு கையிலிருந்த நிஜமான சரக்குப் பெட்டி ஒன்றின் விவரத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்தி, ‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்து வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார். பெட்டி இரண்டு நாள் கப்பல்துறையிலேயே கிடந்தது. அவருக்கு முதலாளியிடம் செம திட்டு.

அவர் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஜெயந்திக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “ஏமாந்தவர் மேல பழியப் போடாதீங்க அண்ணாச்சி. பொய்ய நெசம் மாதிரி வரைஞ்சது நாம” என்றார். மறுநாள் மிதாலியைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் கிடர்பூருக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நான் போகவில்லை. எனக்கு வேறு கூட்டம் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் மாதிரித் திரை எல்லாவற்றிலும் சரக்கின் பெயர் ‘திருநெல்வேலி அல்வா, நாற்பது டன்’. அனுப்புபவர் பெயர் ஜெயந்தி. உலகத்தில் யாரும் அதை நிஜமென்று நம்ப மாட்டார்கள் அல்லவா?

மூன்றாவது வரிசையைப் பற்றிச் சொல்வதற்குத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அட்டவணையின் கடைசியில் அவர் இப்படி எழுதியிருந்தார்: ‘ஒருவர் போய்விட்டால் அவர் எழுதிய குறிப்புகள் என்ன ஆகும்?’

அவர் நினைத்தது வேலையை விட்டுப் போகிறவர்களை. மறுநாள் காலை நிர்வாகத்திடம் அட்டவணையைக் கொடுக்க வேண்டும். அதைச் சோதிக்க வேண்டுமானால் பொய்க் கணக்கு ஒன்றைத் தொடங்கி, எழுதி, பிறகு நீக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு மென்பொருளுக்கும் சேர்த்து அரை நாள் வேலை. “அட, விடுங்க ஜெயந்தி. யாரும் எங்கயும் போகப் போறதில்ல” என்றேன்.

“போறவங்க எல்லாம் சொல்லிட்டா போறாங்க? ஒரு வரிதான, இருந்துட்டுப் போட்டும்.”

நான் அந்த வரியை அடித்தேன். அவர் கண் முன்னாலேயே அடித்தேன். அவர் டிபன் பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

மிச்சமிருந்த இரண்டில் நான் சொன்ன மென்பொருளையே வாங்கினோம். குறை சொல்ல மாட்டேன், வேலை சுளுவானது. திரையில் எந்த இடத்திலும் ஒரு குறிப்பைக் குத்தி வைக்கலாம். சம்பந்தப்பட்டவர் அதைச் சரிசெய்துவிட்டு ‘டிக்’ அழுத்தினால் குறிப்பு மூடிக்கொண்டு கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஜெயந்தி எனக்குக் குத்தியவற்றைத் தினமும் வரிசையாக டிக் அடித்துத் தள்ளுவது என் வழக்கம். பாதியைப் படிக்க மாட்டேன். சிறிது நேரத்தில் அதே இடத்தில் அதே குறிப்பு மறுபடி முளைக்கும். அதன் கீழே ஒரு வரி: “படிச்சிட்டு மூடுங்க, அண்ணாச்சி. நான் என்ன பொழுதுபோகாமலா எழுதுதேன்?”

காரியமெல்லாம் முடிந்த பிறகு முருகேசன் மறுபடி பேசினார். அவர்களுடைய மகள் நித்யா பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா அலுவலகத்தில் என்ன வேலை செய்தாள் என்று அவளுக்குச் சரியாகத் தெரியாதாம். “அவ எழுதுனது ஏதாச்சும் இருந்தா பிள்ளைக்குக் காட்டுங்க அண்ணாச்சி. கேட்டுக்கிட்டே இருக்கா” என்றார். தாராளமாகக் கூட்டி வாருங்கள், ஏகப்பட்டது இருக்கிறது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் கோப்பைத் திறந்தேன். பச்சை வட்டம் ஒன்றுகூட இல்லை. நிர்வாகப் பிரிவில், விலகியவர்களின் கணக்கை நீக்குகிற வழக்கப்படி, ஜெயந்தியின் கணக்கையும் நீக்கியிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. குறிப்புகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சாம்பல் வட்டம், பக்கத்தில் ‘முன்னாள் பயனர்’. அவருக்கு முன்னால் வேலையை விட்டுப் போன மூன்று பேரின் குறிப்புகளுக்கும் அதே வட்டம், அதே பெயர். எது யாருடையது என்று மென்பொருளுக்கே தெரியவில்லை. மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். வருந்துகிறோம், நீக்கிய பெயரை மீட்க வழியில்லை என்று பதில் வந்தது. நாங்கள் வேண்டாமென்று தள்ளிய மற்ற மென்பொருளில் ஒரு பொய்க் கணக்கைத் தொடங்கி, எழுதி, நீக்கிப் பார்த்தேன். பெயர் அப்படியே நின்றது. அரை நாள்கூட ஆகவில்லை, இருபது நிமிடம்தான் ஆனது.

அழுதேன். அலுவலகத்தில், எல்லாரும் பார்க்க, ஐம்பது வயதை நெருங்குகிறவன் உட்கார்ந்து அழுதேன். மிதாலி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கிரிதா, நாம் கண்டுபிடிக்கலாம். ஜெயாதி எழுதினது நமக்குத் தெரியாமல் போகுமா?” என்றாள்.

மறுநாள் முருகேசனோடு நித்யா வந்தாள். அம்மாவின் நெற்றி, அம்மாவின் முறைப்பு. வீட்டுக்கு வெளியே வாயைத் திறந்தால் வங்காளம்தான் வரும்; எனக்காகத் தமிழில் பேசினாள், சித்தப்பாவுக்குக் ‘காகு’, அம்மாவுக்கு ‘மா’ என்பது மட்டும் மாறவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “காகு, இதுல மாவோட பேரே இல்லையே?” என்று கேட்டாள்.

மென்பொருளின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஏமாந்தவர் மேல் பழி போடாதீர்கள் என்று திட்டியவரின் மகளிடம் பொய் சொல்ல முடியவில்லை. அட்டவணையை எடுத்துக் காட்டினேன். அடித்த வரியையும் காட்டினேன். “உங்கம்மா அன்னைக்கே கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னு அடிச்சேன்” என்றேன். முருகேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நித்யா சுட்டியைத் தன் பக்கம் இழுத்து, முதல் சாம்பல் குறிப்பைத் திறந்தாள்.

அன்று மாலை வரை அவளும் மிதாலியும் நானும் ஒவ்வொன்றாகப் படித்தோம். மூடிய குறிப்புகளையும் திறந்து படித்தோம். நான் படிக்காமல் மூடியவற்றை முதல் முறையாகப் படித்தேன். கண்டுபிடிப்பது கஷ்டமாகவே இல்லை. மற்றவர்கள் ‘நிறத்தை மாற்றவும்’ என்று எழுதுவார்கள். ஜெயந்தி, ‘வெயிலில் நின்று பார்க்கிறவருக்கு இந்த மஞ்சள் தெரியுமா?’ என்று கேட்டிருப்பார். எல்லாம் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்குள்ளும் யாரோ ஒரு மனிதர். அம்மாவுடையது என்று தெரிந்த ஒவ்வொன்றின் கீழும் நித்யா பதிலாக ஒரே எழுத்தை, வங்காள எழுத்தில், ‘மா’ என்று எழுதிக்கொண்டே போனாள். அல்வா நாற்பது டன் வந்த இடத்தில் சிரித்தாள், பிறகு வெகுநேரம் அழுதாள்.

கடைசியாக வந்தது, யாரும் மூடாத ஒரு குறிப்பு. எனக்கு எழுதியது. அந்தத் திங்கட்கிழமை காலையில், சோறு வடிக்க எழுந்து போவதற்குச் சற்று முன்பு எழுதியிருக்கிறார். “அண்ணாச்சி, பிஸ்வாஸ் பாபுவுக்குக் கண்ணுல புரை விழுந்திருக்காம். எழுத்தக் கொஞ்சம் பெருசாக்குவோமா?”

பெரிதாக்கினோம். கிடர்பூருக்கு இந்த முறை நானே கொண்டுபோனேன். பிஸ்வாஸ் பாபு கைப்பேசியைத் தூரப் பிடித்து, கண்ணாடி இல்லாமலே படித்தார். சரக்கின் பெயர் வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு, “தீதியின் அல்வா இன்னும் துறையிலேயேதான் கிடக்கிறதா?” என்று வங்காளத்தில் கேட்டார். ஆமாம் என்றேன்.

அடித்த வரிசையை அட்டவணையில் மறுபடி எழுதியிருக்கிறேன். இனி எதை வாங்கினாலும் அதுதான் முதல் வரிசை. ஆனால் ஜெயந்தியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதுவல்ல. அந்தக் கடைசிக் குறிப்பின் கீழே, நித்யா எழுதிய ‘மா’வுக்கும் கீழே, “பெருசாக்கிட்டேன், ஜெயந்தி” என்று எழுதினேன். வேலை முடிந்தால் டிக் அழுத்த வேண்டும் என்பது எங்கள் விதி. தினமும் காலையில் அதைத் திறந்து, முழுக்கப் படித்து, மூடாமல் விட்டு வருகிறேன்.