என் மனைவியின் தோளுக்குப் பொருந்திய துவக்கு

கடிதம் பொலிஸிலிருந்து வந்திருந்தது. உறையில் மனைவியின் பெயர். எங்கள் வீட்டில் யாருக்கு வந்த கடிதத்தையும் யாரும் உடைக்கலாம். நோர்வேக்கு வந்த முதல் வருடங்களில், எந்தக் கடிதம் எங்களைத் திருப்பி அனுப்பப் போகிறதோ என்ற பயத்தில் பழகிய பழக்கம் அது. ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே, பஸ் சாரதிச் சீருடையோடு நின்று அதை உடைத்தேன்.

முதல் வாசிப்பில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ‘ஹாக்ல’ என்று ஒரு சொல் இருந்தது. ஒரே வெடியில் பல சன்னங்களைச் சிதறவிடும் வேட்டைத் துவக்கு. ஊரில் நாங்கள் சொட்கன் என்போம். அப்படி ஒன்றை வாங்கிக்கொள்ள என் மனைவிக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கிறதாம். ஆள் மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறந்த தேதியைப் பார்த்தேன். அவளுடையதுதான்.

மேலே போய்ச் சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தேன். அவள் முதியோர் இல்லத்தில் தாதி உதவியாளராக வேலை செய்தாள். நாலரை மணிக்கு வந்தவள், மேசையிலிருந்த கடிதத்தைக் கண்டதும் கைப்பையை வைத்துவிட்டு அதைத்தான் முதலில் எடுத்தாள்.

“ஓம் எண்டு போட்டாங்கள்,” என்றாள். சந்தோசத்தை மறைக்கத் தெரியாமல் சொன்னாள்.

“உமக்கு ஏன் துவக்கு?”

“போட்டிக்கு.”

“என்ன போட்டி?”

கேத்தலில் தண்ணீர் வைத்தபடி சொன்னாள். கைத்துப்பாக்கி, ரைபிள், சொட்கன் மூன்றையும் வைத்துச் சுடும் போட்டி. ஓர் இடத்தில் நின்று சுடுவதில்லை. ஓட வேண்டும், குனிய வேண்டும், மறைப்புகளுக்குப் பின்னாலிருந்து அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். கூட வேலை செய்யும் நோர்வேக்காரத் தாதி ஒருத்திதான் சுடும் கழகத்துக்குக் கூட்டிப் போனாளாம். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கியாயிற்று.

வியாழக்கிழமைகளில் அவள் நீந்தப் போகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்த ஒரு கண்டல் இருந்தது. கேட்டதற்கு, கட்டிலிலிருந்து ஒரு கிழவரைத் தூக்கினபோது பிடித்துக்கொண்டது என்றாள். நான் எண்ணெய் பூசித் தேய்த்துவிட்டேன்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா விட்டிருப்பீங்களோ?”

நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். பிறகு, “துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள்,” என்றேன்.

“ஓம். நான் துவக்கை முன்னுக்கு நிண்டு மட்டும்தான் பாத்திருக்கிறன். மூண்டு தரம். பின்னுக்கு நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பாக்க வேணும் போல இருந்தது.”

எனக்கு ஒரு தரத்தைப் பற்றித்தான் தெரியும். கல்யாணம் கட்டிப் பதினாறு வருடங்கள். மற்ற இரண்டையும் கேட்கிற தைரியம் அன்று எனக்கு இருக்கவில்லை.

அங்கே ஊரில் சண்டை நின்று, சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஒஸ்லோவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இனித் துவக்குகள் ஓய்ந்துவிடும் என்றுதான் கதைத்தார்கள். அந்த நேரத்தில் என் வீட்டுக்குள் ஒன்று வரப் போகிறது.

நாலாம் நாள், “எங்கை வாங்கப் போறீர்?” என்று கேட்டேன். கைத்துப்பாக்கியையும் ரைபிளையும் கழகத்தில் இரவல் எடுக்கலாமாம். சொட்கனும் இருக்கிறதுதான். ஆனால் ஆறடி ஆண்களுக்குச் செய்த, தோளில் வைக்கும் அதன் கட்டை இவளுக்கு நீளம் கூட. தோளில் சரியாகப் பொருந்தாமல் வைத்துச் சுட்டதில் வந்ததுதான் அந்தக் கண்டல்.

“நானும் வாறன்,” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. தனியாக விட மனம் வரவில்லை போல.

கடை நகர மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, மீன்பிடித் தடிகளும் வேட்டைச் சப்பாத்துகளும் விற்கும் கடை. பின்சுவர் முழுக்கத் துவக்குகள். கடைக்காரர் அறுபது வயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. என்னைப் பார்த்து, “எதை வேட்டையாடப் போகிறீர்கள்?” என்று கேட்டார். நான் மனைவியைக் காட்டினேன். அவர் அவளை ஒரு முறை பார்த்தார். அனுமதிப் பத்திரத்தை வாங்கி வாசித்தார். அதற்குப் பிறகு கடையில் நான் இருப்பதையே மறந்துவிட்டார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதலில் அவர் எடுத்தது, கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் துவக்கு. “முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு இது நல்லது. மழையிலும் மண்ணிலும் வேலை செய்யும், பழுதாகாது,” என்று சொல்லிக்கொண்டே குழலுக்கு அடியிலிருந்த முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினார்.

அந்த இரண்டு சத்தம்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் ரப்பர்ச் சப்பாத்து அடுக்குக்குப் பின்னால் குந்தியிருக்கிறேன், இரண்டு கைகளும் தலையில். ஒரு சோடிச் சப்பாத்து என் முதுகில் விழுந்து கிடந்தது. தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்க்காதது போல மறுபக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பத்தைந்து வயது மனிதன், பதினைந்து வருடமாக இந்த நாட்டில் பஸ் ஓட்டுகிறவன். எழும்பவே வெட்கமாக இருந்தது.

மனைவி ஓடி வரவில்லை. திரும்பிக் கடைக்காரரிடம், “இது வேண்டாம்,” என்றாள்.

“விலையும் குறைவு. பொறியில் ஏதும் குறை இல்லையே,” என்றார் அவர்.

“துவக்கில் குறை இல்லை. இதை நான் வீட்டில் இப்படி இழுத்து இழுத்துப் பழக வேண்டும். அவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.”

கடைக்காரர் அதைச் சுவரில் மாட்டிவிட்டு, எனக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்.

பிறகு நடந்தவற்றை அந்த முக்காலியில் இருந்து பார்த்தேன். விசையை அழுத்த அழுத்தத் தானாகவே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துவக்குகளை அவர் ஒவ்வொன்றாக இறக்கினார். தோட்டா அளவில் இருபதாம் இலக்கம் சிறியது, தோளில் அவ்வளவாக இடிக்காது என்றார். மனைவி தலையாட்டினாள், ஆனால் மறுத்துவிட்டாள். இரும்புத் தட்டைச் சுட்டால் மட்டும் போதாது, அது விழவும் வேண்டும். அதைவிடப் பெரிய பன்னிரண்டாம் இலக்கம்தான் அதற்கு நிச்சயம் என்றாள். சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே முகத்தோடு, துவக்கின் அடியில் தோட்டா போடும் வாயைத் திருப்பிப் பார்த்தாள். வெடிமருந்து இல்லாத வெறும் தோட்டாக்கள் கேட்டு வாங்கி, நாலை உள்ளங்கையில் அடுக்கி, பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி ஏற்றினாள். ஒரு துவக்கில் அந்த வாய் ஒடுக்கம். விரல் நகம் மாட்டி இரத்தம் வந்தது. அதை ஒதுக்கினாள். போட்டியில் சுடுகிற நேரத்தை விடத் தோட்டா போடுகிற நேரம்தான் அதிகமாம். எனக்கு அது அன்றுதான் தெரியும். இதையெல்லாம் இவள் எங்கே, எப்போது படித்தாள்?

கடைசியாகக் கடைக்காரர் உள்ளே போய் ஒரு பழைய துவக்கைக் கொண்டுவந்தார். வெடிக்கிற வாயுவில் ஒரு பங்கைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை; அதனால் இடியும் குறைவு. முன்பு வைத்திருந்தது ஒரு வேட்டைக்காரப் பெண். கட்டையில் ஒன்றரை அங்குலம் அறுத்திருந்தாள்.

மனைவி அதைத் தூக்கினாள். கன்னம் கட்டையில் போய்ப் படிந்தது. கழுத்து வளையவில்லை, தோள் உயரவில்லை. கடைக்காரர் சுவரில் ஒரு குறியைக் காட்டி, அவளைக் கண்ணை மூடித் தூக்கச் சொன்னார். மூடிக்கொண்டு தூக்கினாள். கண்ணைத் திறந்தபோது குழல் சுவரிலிருந்த குறிக்கு நேராக இருந்தது.

“இதுதான்,” என்றாள்.

எங்கள் வீட்டில் சாந்தமான மனுசி அவள். கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவாள். அவளுடைய முகத்தில் அப்படி ஒரு நிச்சயத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. யாரோ வேற்று மனுசியைப் பார்ப்பது போல இருந்தது.

இரும்பு அலுமாரி ஒன்றைப் படுக்கையறைச் சுவரில் ஆணியடித்துப் பொருத்தினோம். அதற்குள் துவக்கு, பக்கத்து அலுமாரியில் அவளுடைய கூறைச்சேலை. நான் சில வாரங்கள் வரவேற்பறைக் கதிரையில் படுத்தேன்.

மே மாதக் கடைசியில் முதல் போட்டி. ஒஸ்லோவுக்கு வெளியே, காட்டுக்குள் ஒரு பழைய மணல் குவாரி. காதுமூடிகளோடு கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். கைத்துப்பாக்கிச் சுற்றும் ரைபிள் சுற்றும் ஒருவாறு முடிந்தன. ஒவ்வொரு வெடிக்கும் நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். மூன்றாவது, சொட்கன். மணி அடித்ததும் அவள் சுட்டாள். தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எட்டும் விழுந்ததும் அடுத்த இடத்துக்கு ஓடினாள். முதல் நாள் மழை பெய்திருந்தது. ஈரச் சரளைக் கல்லில் அவளுடைய கால் சறுக்கியது.

நான் கத்திவிட்டேன். வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

அவளுடைய காதுமூடி வெடிச் சத்தத்தைத்தான் தடுக்கும், மனிதக் குரலை உள்ளே விடும். அவள் திரும்பினாள். அவளோடு துவக்கும் திரும்பியது. குழலின் வட்ட வாய் நேரே என்னைப் பார்த்தது. கரிய ஓட்டை. அதற்குப் பின்னால் என் மனைவியின் முகம்.

அரை நொடி இருக்கும். “ஸ்டோப்,” என்று நடுவர் கத்தினார். அவள் உடனே குழலை மணல் மேட்டுப் பக்கம் திருப்பி, விறைத்து நின்றாள். துவக்கு வெறுமை. எட்டுத் தோட்டாவும் முடிந்திருந்தன. அது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் கயிற்றைப் பிடித்தபடி தரையில் இருந்தேன்.

குழல் பின்னால் திரும்பினால், வெறுமையோ இல்லையோ, அன்றைய போட்டியிலிருந்து வெளியே. நடுவர் துவக்கைச் சோதித்து உறைக்குள் வைக்கச் சொன்னார். நான் எழுந்து போய், பிழை என்னுடையது, கூப்பிட்டது நான்தான் என்று சொன்னேன். அவர் கடுமையான ஆள் இல்லை. ஆனால், “யார் கூப்பிட்டாலும் குழல் எங்கே பார்க்கிறது என்பது சுடுகிறவரின் பொறுப்பு,” என்றார்.

“அவர் சொல்லுறது சரி,” என்றாள் மனைவி தமிழில். “நீங்கள் பேசாமல் இருங்கோ.”

நான் காரின் சாவியை எடுத்தேன். வீட்டுக்குப் போகலாம், இது இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

“எங்கை போறீங்கள்?” என்றாள். “வெளியிலை போட்டாலும் வேலை இருக்கு.”

மற்றவர்கள் சுட்டு முடித்த பிறகு தட்டுகளை நிமிர்த்த வேண்டும், அட்டைகளில் விழுந்த ஓட்டைகளை மூட வேண்டும். அவள் என் கையில் மண்ணிற ஒட்டுத்தாள் சுருள் ஒன்றைத் தந்தாள். பின்னேரம் வரைக்கும் நாங்கள் இருவரும் அட்டை அட்டையாக நடந்தோம். நான் ஒட்டிய தாள் எல்லாம் கோணலாகத்தான் நின்றது. அவள் பின்னால் வந்து அழுத்திவிட்டாள்.

ஒரு அட்டைக்கு முன்னால் நின்று, “எனக்கு நேரை நீட்டிப்போட்டன்,” என்றாள். அவள் சொல்ல வந்தது ‘உங்களுக்கு நேரை’ என்று. நான் திருத்தவில்லை. அவள் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள். நான் அவளுடைய முதுகில் கை வைத்தேன். யாரோ அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். இருவரும் கயிற்றுக்குப் பின்னால் போனோம்.

அன்றிரவு நான் படுக்கையறைக்குத் திரும்பினேன்.

செப்டெம்பரில் அடுத்த போட்டி. அவள் எல்லாச் சுற்றுகளையும் முடித்தாள். முப்பத்தொரு பேரில் இருபத்தேழாவது இடம். மறுபடியும் கத்திவிடக் கூடாதென்று நான் வாயில் ஒரு துவாய்த் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற நோர்வேக்காரி பல் வலியா என்று கேட்டாள்.

துவாயை எடுத்துவிட்டு, “இல்லை,” என்றேன். “அதோ ஓடுகிறது என் மனைவி.”