மேல் பாதிக்குக் கற்றாழை, கீழ்ப் பாதிக்கு ஒன்றுமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. விசாரித்தவள், ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் மது. சிக்கியவர்கள், அவளைப் பெற்ற நாங்கள் இருவர். தடயம்... அவளுடைய வலது கெண்டைக்காலில் இருக்கும் தழும்பு.

சில மாதங்களுக்கு முன் கோவில்பத்து ஸ்டாப்பில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். என் பைக்கிலிருந்து சைலன்சர் பக்கமாகக் குதித்துக் காலைச் சுட்டுக்கொண்டாள். குழாய்த் தண்ணீரில் காலைக் காட்டினோம், ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். புண் ஆறியது. தழும்பு மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக நின்றுவிட்டது. இன்றும் அவள் பைக்கிலிருந்து இறங்கும்போதெல்லாம் 'இந்தப் பக்கம், இந்தப் பக்கம்' என்று கத்துகிறேன்.

மது பள்ளி வாலிபால் டீமில் ஆடுபவள். ஷார்ட்ஸ் போட வேண்டுமே? "கால் வலிக்குதுப்பா" என்று கிரவுண்டுப் பக்கமே போகாமல் இருந்தாள். வலி காலில் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

தோல் டாக்டரிடம் கேட்டேன். கற்றாழை, வல்லாரை, வெங்காயச் சாறு - ஆளுக்கொன்று சொல்கிறார்களே, பலிக்குமா?

"புண்ணு நல்லா ஆறிடுச்சுல்ல, கற்றாழை தடவிப் பாருங்க. மடல வெட்டுனா வர்ற மஞ்சப் பால வடிச்சுக் கழுவிட்டுத் தடவுங்க, அரிச்சா விட்டுடுங்க. கொஞ்சம் மங்கலாம். அடியோட போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். தினம் அழுத்தித் தேய்ங்க, வெயில் படாம பாத்துக்குங்க."

பயாலஜி மாணவிக்கு இது போதவில்லை. தழும்பின் குறுக்கே பேனாவால் கோடு போட்டாள். தேய்ப்பது இரண்டு பாதிக்கும் உண்டு. கற்றாழை மேல் பாதிக்கு மட்டும். "வித்தியாசம் தெரியணும். யாரும் கை வைக்கக் கூடாது."

ஆறு வாரம் கழித்து, போன ஞாயிறன்று பார்த்தால், இரண்டு பாதியும் ஒரே மாதிரி மங்கியிருந்தன.

"அப்பா, கீழயும் தடவுனீங்களா?"

"சத்தியமா இல்லம்மா." ஆசை இருந்தது, தைரியம்தான் இல்லை.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். 'இதுக்குப் போயி இப்படி அலட்டிக்கிறீங்களே' என்று இத்தனை நாளும் என்னைக் கேலி செய்தவள். இப்போது நிமிரவே இல்லை.

"அம்மா?"

"தினம் ராத்திரி நீ தூங்குனதும் லேசா தடவுனேன்டி. ஒரே காலு. அதுல பாதிக்கு உண்டு, பாதிக்கு இல்லன்னா எப்புடி?"

"எல்லாம் போச்சு. கற்றாழை வேலை செஞ்சுச்சா, தானா மங்குச்சான்னு இனிமே எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"மங்குச்சுல்ல?"

மதுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு செடியின் குணத்தைச் சரியாகச் சோதிக்க வேண்டுமா? பெற்றவர்கள் இல்லாத வீடாகப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது!

தழும்பு போய்விடவில்லை. தொட்டால் மிருதுவாக, பழுப்பாக இருக்கிறது. ஆனாலும் மறுநாள் மாலை ஷார்ட்ஸோடு கிரவுண்டில் இறங்கினாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான்... கம்பியைப் பிடித்தபடி.

"என்னடி இது கால்ல?" என்றாள் டீம் பெண் ஒருத்தி.

"சைலன்சர் சுட்டுருச்சு. நீ பந்தப் போடு" என்றாள் மது.