காற்றில் தொங்கிய அம்மி

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை. உத்திரமேரூரில் டைப்ரைட்டிங் வகுப்பை அரை மணியிலேயே முடித்து, "ரேடியோவுல புயல்னு சொல்லிட்டான், வூட்டுக்குப் போங்க" என்று எங்களைத் துரத்திவிட்டார்கள். பஸ் இல்லை. நடந்தே வந்தேன். ஊருக்கு வெளியே களத்து மேட்டில் பெரிய வீட்டுக்காரரின் வைக்கோல் போர். அந்தக் காற்றில் பனைமரமே வளைகிறது, போரில் ஒரு துரும்பு அசையவில்லை. உச்சியில் குறுக்கே கயிறு போட்டு, இரண்டு பக்கமும் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அட, இவ்வளவுதானே! வைக்கோலுக்குச் செய்வதை வீட்டுக்குச் செய்தால் என்ன?

எங்கள் காலனியில் எல்லாம் மண் சுவர், ஓலைக் கூரை. புயல் என்றால் பெரிய வீட்டு மாட்டுக் கொட்டகைதான் கதி. முந்தின புயலில் அங்கே மாடுகளுக்குப் பின்னால் நின்ற எங்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். பாத்திரம் தரவில்லை, கையை ஏந்தச் சொன்னார்கள். விடிந்ததும் கொட்டகையைக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் வரவேண்டும். அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையை மூன்று முறை கழுவினாள்.

நான் ஓடிவந்து யோசனையைச் சொன்னதும் அம்மா ஒரே வார்த்தைதான் கேட்டாள்.

"நிக்குமாடி?"

"நிக்கும்மா."

"அப்ப கட்டு. நான் அந்தக் கொட்டாய்க்கு வரமாட்டேன்."

கிணற்றுக் கயிறு ஒன்று. அம்மாவின் பழைய புடவைகளை முறுக்கி இன்னொன்று. அண்ணன் கூரைமேல் ஏறிக் குறுக்கே போட்டான். கல்லுக்கு எங்கே போவது? ஒரு கயிற்றின் முனைகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும், இன்னொன்றில் துணி துவைக்கும் கல் இரண்டு. பக்கத்து வீட்டு மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாமே, வூட்டுக்கு வடம் கட்டிக்கினு கீற? தேர் எப்போ பொறப்படுது?"

"நீயும் வந்து இழு மாமா" என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு.

பதினோரு மணிக்குக் காற்று வந்தது. அது காற்றே இல்லை, ஆயிரம் லாரி ஒன்றாகப் போகிற சத்தம். காலனியில் பாதிப்பேர் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். எங்கள் கூரை எழும்பப் பார்க்கும், கயிறு இறுகும், மறுபடி உட்காரும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்புறம்தான் கேட்டது. தொம்... தொம்...

"இன்னாடி அது, யாரோ செவுத்த இடிக்கறாப்ல கீது?" என்றாள் அம்மா.

யாருமில்லை, எங்கள் அம்மிதான். வைக்கோல் போரில் கல் மெத்தென்று வைக்கோல்மேல் சாய்ந்து கிடக்கும். எங்கள் வீட்டில் அது அந்தரத்தில் ஊசலாடி, மழையில் ஊறிய மண் சுவரை மோதிக்கொண்டிருந்தது. நான் இதை யோசிக்கவே இல்லை. கல்லை அவிழ்த்தால் கூரை போகும், விட்டால் சுவர் போகும். என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் கிழக்குச் சுவர் பாதி உள்ளே சரிந்தது. ஒரு நிமிஷம் முன்னால் அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

நான் வெளியே பாய்ந்து அம்மியைக் கட்டிப்பிடித்துத் தொங்கினேன். அண்ணன் பின்பக்கம் ஓடி ஆட்டுக்கல்லைப் பிடித்தான். அம்மா தலையில் மண்ணோடு வந்து முன்னால் இருந்த துவைக்கும் கல்லைப் பிடித்தாள். நான்காவது கல் மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது.

அப்போது மாமா வந்தார். அவர் கூரை போய்விட்டிருந்தது. பெண்டாட்டியையும் மூன்று பிள்ளைகளையும் எங்கள் வீட்டுக்குள் தள்ளிவிட்டு, ஒன்றும் கேட்காமல் அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டார்.

"கொட்டாய்க்குப் போவலியா மாமா?" என்று கத்தினேன்.

"உங்க வூடே கெட்டியாத்தான் கீது, போமே!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எம் பொண்டாட்டியக்கூட இப்டிக் கட்டிப் புடிச்சதில்லமே" என்றார். அந்த மழையிலும் அம்மா சிரித்துவிட்டாள்.

நாலு மணி வரைக்கும் நால்வரும் நான்கு கல்லாக நின்றோம். கூரை போகவில்லை.

மறுநாள் காலையில் பெரிய வீட்டு ஆள் வந்தான். "கொட்டாயக் கூட்டணும், வா" என்று அம்மாவைக் கூப்பிட்டான்.

"நான் எங்க வூட்ல நின்னேன்" என்றாள் அம்மா. "எங்க செவுத்த அள்ளவே எனக்குப் பொழுது பத்தாது, போ."

அவன் இடிந்த சுவரைப் பார்த்தான், மேலே கூரையைப் பார்த்தான், போய்விட்டான்.

என் கணக்கு பாதி தப்பு. அம்மாவின் உயிரே போயிருக்கும். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? இந்தத் தடவை கல்லே கிடையாது. புயலில் விழுந்த பனைமரங்களை அறுத்து அண்ணனும் மாமாவும் முளை சீவிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஆறு முளை, இடுப்பளவு ஆழம், கயிற்றை நேரே தரையில் இறுக்கிக் கட்டுவதாகத் திட்டம். ஐப்பசிக்குள் காலனி முழுக்க அடித்துவிட வேண்டும். அம்மியில் மிளகாய் அரைக்கும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்த்து, "எத்தினி வூடுடி ஆச்சு?" என்று கேட்கிறாள். அடுத்த புயலில் அந்தக் கொட்டகையில் மாடுகள் மட்டும் நிற்கவேண்டும் என்பதுதான் எனக்கு அந்த ஒரு பகல் கொடுத்த வேலை.