வரி முடியும் இடம்

செங்கம் சாலை பிரவுசிங் சென்டரில் எனக்குக் கிடைத்த ஹெட்போனில் பஞ்சு கிழிந்திருந்தது. அதன் வழியாகத்தான் முதன்முதலாக ஓர் அமெரிக்கக் கவிஞரின் குரலைக் கேட்டேன். அப்போது நான் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கவிஞர்களின் ஒலிப்பதிவுகளை இணையத்தில் சேர்த்து வைத்திருந்தது. நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திய கவிதையை, எழுதியவரே வாசித்தார். குரலை உயர்த்தவில்லை. வரி முடிந்த இடத்தில் நிற்காமல், பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோல் அடுத்த வரிக்குப் போனார். என் மனைவி ஒருகாலத்தில் அப்படித்தான் வாசித்தாள்.

எண்பத்தொன்பதில் எங்களுக்குத் திருமணமான புதிது. அவள் அஞ்சல் வழியில் ஆங்கில எம்.ஏ. சேர்ந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை பார்த்த இருவர் காபிக்கு வந்திருந்தபோது அந்தக் கவிதையை வாசிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "என்னம்மா, பேப்பரா படிக்கிற?" என்றேன். "அண்ணி, ரேடியோவுல நியூஸ் வாசிக்க ஆள் எடுக்கிறாங்களாம்" என்றார் வந்தவர்களில் ஒருவர். அவளும் சிரித்தாள். பிறகு நான் வாசித்துக் காட்டினேன். கோயிலில் ஓதுவார் பதிகத்தை இழுப்பதுபோல ஒவ்வொரு வரிக் கடைசியையும் இழுத்து நிறுத்தினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் வாசித்தார்; அவரும் அமெரிக்காவைப் புத்தகத்தில் மட்டுமே கண்டவர். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்த அமெரிக்கர்கள் தினமும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவரை நிறுத்தி நாலு வரி படித்துக் காட்டச் சொல்ல, ஆங்கில வாத்தியாரான என் கௌரவம் இடம் தரவில்லை. அவள் பரீட்சைக்குப் போகவில்லை. "வீட்ல வேலை ஜாஸ்திங்க" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

ஒலிப்பதிவைக் கேட்ட மறுநாள் அவளையும் அங்கே அழைத்துப் போனேன். அவள் கேட்டு முடித்ததும், "நீ படிச்சதுதான் சரி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

"என்னைக்குங்க?" என்றாள். மறந்துவிட்டாளா, மறைத்தாளா என்று தெரியவில்லை.

வீடு திரும்பியதும் புத்தகத்தைத் தேடியெடுத்து, ஒருமுறை வாசிக்கும்படி கெஞ்சினேன். "இந்த வயசுல எனக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியை மாட்டினாள். முதல் வரியின் கடைசியில் இழுத்தாள், நின்றாள். இரண்டாவதிலும் அப்படியே.

"இப்படித்தானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"அது வேணாம். உன் மாதிரியே படி."

"என் மாதிரின்னா எப்படிங்க?"

எனக்கு அதை வாசித்துக் காட்டத் தெரியவில்லை.