பாதியில் சொன்ன ஆமென்

கிறிஸ்துவுக்குள் எனக்குச் சொந்தமான உங்கள் எல்லாருக்கும் என் அன்பு. நம் சேகரத்துச் சபைகளின் பத்திரிகைக்கு, ஆண்டவர் எனக்குச் செய்ததைப் பற்றி ஒரு சாட்சி எழுதித் தரும்படி போதகர் ஐயா மூன்று தடவை கேட்டுவிட்டார். இரண்டு தடவை வேலை இருக்கிறதென்று சொல்லித் தப்பித்தேன். மூன்றாம் தடவை காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து, முதல் வரிக்கே அழுதுவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஞானசெல்வி. வயது ஐம்பது. ஏரல் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் முறையாகப் படித்த நர்ஸ். என் வீட்டுக்காரர் தேவராஜ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தார். மூன்று கிறிஸ்துமஸுக்கு முன்னால், எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, என் கண்முன்னே அவர் உயிர் போய்க்கொண்டிருந்தது. கண்முன்னே என்று எழுதியது தப்பு. நான் கண்ணை மூடியிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக நான்கு வருடம் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். மகள் பிளெஸ்ஸி பிறந்ததும் விட்டேன். பிள்ளை வளரட்டும், அப்புறம் போகலாம் என்று நினைத்தேன். அப்புறம் மாமியாருக்கு முடியாமல் போனது. அப்புறம், அப்புறம் என்றே இருபத்தொரு வருடம் ஓடிவிட்டது. ஆனால் ஊருக்கு நான் நர்ஸ்தான். காய்ச்சல் என்றாலும் கால் வீங்கினாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. ஒளிப்பானேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. "செல்வி, நெஞ்சுல என்னமோ பண்ணுது. கேஸ் போலருக்கு. ஒரு சோடா வாங்கித் தாயேன்" என்றார். பெருங்காயம் போட்டு மோர் கொடுத்தேன். பத்தரை மணிக்கு எங்கள் வீட்டில் நம் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் ஜெபம். அந்த வாரம் எங்கள் வீட்டு முறை. பாய் விரிக்க வேண்டும், டீ போட வேண்டும், பத்துப் பதினொரு பேர் வருவார்கள். என் மனசு பாதி அடுப்பில் இருந்தது.

அவர்கள் வந்தபோது இவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டும்படி வேர்வை. எங்கள் ஐக்கியத் தலைவி ராஜம் அக்கா அவரைப் பார்த்ததும், "அண்ணாச்சிக்கு என்னம்மா செய்யுது? வாங்க எல்லாரும், மொதல்ல இவங்களுக்காக ஜெபிச்சிருவோம்" என்று சொல்லி அவர் தலையில் கை வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து நாற்பது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினேன்.

ராஜம் அக்காவின் ஜெபம் உங்களுக்குத் தெரியும். உருக்கமாக இருக்கும், நீளமாகவும் இருக்கும். நடுவில் ஒரு பாட்டு வரும், பாட்டு முடிந்து மறுபடியும் ஜெபம் வரும். நம் வழக்கமும் உங்களுக்குத் தெரியும். ஜெபத்தின் நடுவில் நாம் அசைய மாட்டோம். அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும். வாசலில் யார் கூப்பிட்டாலும் ஆமென் சொல்லும்வரை கண்ணைத் திறக்க மாட்டோம். சின்னப் பிள்ளையிலிருந்து அப்படியே வளர்ந்துவிட்டோம்.

என் விரல் அவர் மணிக்கட்டில் இருந்தது. நான் வேண்டுமென்று வைக்கவில்லை. பழகின விரல் தானாக நாடி இருக்கும் இடத்துக்குப் போய்விட்டது. நாடி தடுமாறியது. இரண்டு அடித்து ஒன்றை விட்டது. தோல் சில்லென்று ஈரமாக இருந்தது. அவர் இடது தோளை மெல்ல அசைத்து அசைத்து வைத்தார். இது கேஸ் இல்லை, மாரடைப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்றோ படித்தது ஒரு நொடியில் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஜெபத்தை எப்படிப் பாதியில் நிறுத்துவது? அதுவும் என் வீட்டில், அவருக்காகவே ஜெபிக்கும்போது? நர்ஸ் என்கிற கர்வத்தில் ஜெபத்தை மதிக்கவில்லை என்று சொல்வார்களே. விசுவாசம் இல்லாதவள் என்பார்களே. இப்போது முடித்துவிடுவார்கள், இதோ முடித்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஆமென் என் தொண்டையிலேயே நின்றது. அக்கா ஜெபத்தை முடித்து, அது வெளியே வந்தபோது மணி பதினொன்று ஐந்து. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து, பாளையங்கோட்டைக்குப் போகிற வழியில் ஸ்ரீவைகுண்டம் தாண்டி, செய்துங்கநல்லூர் வரும்போது முடிந்துவிட்டது. வழி முழுக்க நான் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸில் வந்த தம்பிதான் என் கையைப் பிடித்து, "போதும்க்கா, விட்ருங்க" என்றார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆண்டவர் சித்தம் என்றார்கள். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் எரிந்தது. ராஜம் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது நான் மரம் மாதிரி நின்றேன். இவர்கள்தானே ஜெபத்தை இழுத்துக்கொண்டே போனார்கள் என்று நினைத்தேன். அதற்குப்பின் அவர்கள் வந்தால் சமையலறைக்குள் போய்விடுவேன். கோயிலில் ஆராதனைக்கு அவர்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் நான் அந்தப் பக்கம் உட்காருவேன்.

அதைவிடப் பெரிய கஷ்டம் இன்னொன்று. எனக்கு ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் விரலுக்கடியில் அந்த நாடி வந்துவிடும். இரண்டு அடித்து, ஒன்றை விட்டு. போதகர் ஜெபிப்போம் என்று சொல்லும்போது கோயிலில் எல்லாரும் தலை குனிவார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்பது மாதம் அப்படிப் போனது. பிளெஸ்ஸி மதுரையில் படித்துக்கொண்டிருந்தாள். போன் பண்ணும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். சாப்பிட்டேனா இல்லையா என்பதே எனக்கு ஞாபகம் இருக்காது.

ஒருநாள் மத்தியானம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு மோர் கொடுத்த டம்ளர் கைக்கு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டே, வாய்விட்டுச் சொன்னேன். "ஆண்டவரே, பேச வேண்டிய நேரத்தில் நான் பேசாமல் நின்னுட்டேன். அவரைத் திருப்பிக் கேக்கல. இன்னொரு வீட்ல இது நடக்காதபடி என்னைய எங்கயாவது கொண்டுபோய் நிறுத்தும். அன்னைக்கு என் வாயத் திறந்துவிடும்." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை. சோப்பு நுரையைக் கழுவிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தேன்.

அதே வாரம் பிளெஸ்ஸி விடுமுறைக்கு வந்தாள். பீரோவில் அப்பாவின் ஆவணங்களைத் தேடும்போது என் நர்சிங் சான்றிதழ் அகப்பட்டது. "எம்மா, இத ஏன் பூட்டியே வச்சிருக்கீங்க? மறுபடியும் வேலைக்குப் போங்க" என்றாள். இந்த வயசில் யார் சேர்ப்பார்கள் என்றேன். அவள் என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. பதிவைப் புதுப்பிக்க அலைந்ததும், கேட்டதையெல்லாம் நகலெடுத்துக் கொடுத்ததும் அவள்தான். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நர்சிங் கண்காணிப்பாளர் அம்மா என் தாளைப் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டு வருஷம் கழிச்சு எதுக்கு வாறீங்க?" என்று கேட்டார்கள். நான் யோசித்து வைத்திருந்த பதில் எல்லாம் மறந்துபோனது. "வீட்ல ஒரு நெஞ்சுவலி கேஸ விட்டுட்டேன் மேடம்" என்றேன். அவர்கள் தாளை மேசையில் வைத்தார்கள். பிறகு திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் வேலையை விட்டுப் போகும்போது பாதரசம் வைத்த பிரஷர் கருவி இருந்தது. திரும்பி வந்தால் எல்லாம் பொத்தான். கேஸ் ஷீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரு விரலால் தட்டித் தட்டி நான் ஒரு நோயாளியை ஏற்றுவதற்குள் அவர் குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார் என்று இளம் சிஸ்டர்கள் கேலி பண்ணுவார்கள். எனக்கு மேலே இருந்த சிஸ்டருக்கு முப்பத்தோரு வயது. அவள் என்னை ஆன்ட்டி என்றும் சொல்ல முடியாமல் சிஸ்டர் என்றும் சொல்ல முடியாமல் திண்டாடினாள். நரம்பு தேடி ஊசி ஏற்றும்போது இரண்டு தடவை தவறவிட்டேன். கழிவறையில் போய் அழுதேன். கண்ணாடியில் நரைத்த தலையும் புதுச் சீருடையும் எனக்கே விநோதமாக இருந்தது.

மூன்றாம் மாதம் கை நிதானப்பட்டது. ஆனால் நெஞ்சுவலி என்று யார் வந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்வேன், வாயில் பேச்சு வராது. பக்கத்தில் இருப்பவள்தான் டாக்டரைக் கூப்பிடுவாள். வேலை கிடைத்துவிட்டது, பேச்சு இன்னும் கிடைக்கவில்லையே ஆண்டவரே என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் கேட்பேன். கண்ணைத் திறந்துகொண்டுதான்.

சேர்ந்து ஒரு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை. பாளையங்கோட்டையில் பெண்கள் ஐக்கியக் கூடுகை. எங்கள் ஊரிலிருந்து ஒரு வேனில் வந்திருந்தார்கள். பதினொரு மணி வாக்கில் அவசரப் பிரிவுக்குள் ஒரே கூட்டம். பார்த்தால் எல்லாம் எங்கள் ஊர் முகங்கள். நடுவில் ராஜம் அக்கா. கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். தாடையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, காலையில தின்ன பூரி சேரல. பல்லும் லேசா வலிக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நெற்றியெல்லாம் வேர்வை. அவர்களுக்குப் பல வருடமாகச் சர்க்கரை உண்டு; சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலிக்காமலும் மாரடைப்பு வரும்.

நான் கிட்டே போவதற்குள் பெண்கள் கட்டிலைச் சுற்றிக் கைகோர்த்துவிட்டார்கள். ஜெபம் தொடங்கிவிட்டது. வேலையில் சேர்ந்து இரண்டே மாதமான ஒரு சின்ன சிஸ்டர் ஈசிஜி கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். அவளும் நம் சபைப் பிள்ளைதான். வளையத்துக்குள் போக முடியாமல், பாவம், அவளும் தலையைக் குனிந்து கண்ணை மூடிவிட்டாள்.

அதே பெண்கள். அதே ராகம். சுவரில் ஒரு கடிகாரம். கண்ணை மூடியிருக்கிற அந்தச் சின்னப் பெண் அன்றைக்கு நாற்காலி பக்கத்தில் நின்ற நானேதான். ஒரு கணம் நான் திரும்பி நடக்க நினைத்தேன். இதையும் நான் மறைக்கக் கூடாது. ராஜம் அக்காவும் காத்திருக்கட்டுமே என்று ஒரு கெட்ட நினைப்பும் வந்தது.

அப்போது என் வாய் திறந்தது.

"ஆமென்."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்ற வாட்ச்மேன் எட்டிப் பார்த்தாராம். ஜெபித்துக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். "ஜெபம் முடிஞ்சிட்டு. எல்லாரும் வெளிய நில்லுங்க. மிச்சத்த அங்கன வச்சு ஜெபிங்க. ஏட்டி பிள்ள, அந்தக் கம்பிய இங்க கொண்டா" என்றேன். டாக்டரை நானே போனில் கூப்பிட்டேன். பேச்சு வந்தது. ஈசிஜி காகிதம் வெளியே வந்தபோது டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஓடத் தொடங்கினார். அரை மணி நேரத்தில் ராஜம் அக்காவின் அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் அவர்களுக்கு முகம் துடைத்துவிடப் போனேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏளா செல்வி, ஒண்ணு கேக்கட்டுமா? கோவப்படக் கூடாது."

"கேளுங்கக்கா."

"அன்னைக்கு உன் வீட்ல வச்சு ஏன் இப்பிடி ஆமென் சொல்லல?"

நான் மறுகையால் துணியை எடுத்தேன்.

"நீ நர்சு. அண்ணாச்சி கையப் பிடிச்சுக்கிட்டு நின்னே. நான் ஒரு தடவ லேசா கண்ணத் தொறந்து உன்னயப் பாத்தேன். நீ கண்ண மூடி அமைதியா நின்னே. சரி, பயமில்ல போலன்னு நெனச்சுத்தான் நான் ஜெபத்த நீட்டினேன். உன்ன நம்பித்தான்ளா."

முகம் துடைக்கிற துணியால் என் முகத்தைப் பொத்திக்கொண்டேன். இத்தனை நாளும் அவர்களுடைய ஆமெனுக்காக நான் காத்திருந்தேன் என்று அவர்கள்மேல் குற்றம் வைத்திருந்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் காத்திருந்திருக்கிறார்கள். பயத்தால் நான் மூடிய கண்ணை அவர்கள் தைரியம் என்று நினைத்திருக்கிறார்கள். "எனக்குத் தெரிஞ்சிருந்துதுக்கா. தெரிஞ்சும் சொல்லல" என்றேன். யாரிடமும் சொல்லாததை முதன்முதலாக அவர்களிடம்தான் சொன்னேன். ராஜம் அக்கா வெகுநேரம் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் ஜெபிப்பார்கள். அன்றைக்கு ஜெபிக்கவில்லை.

அந்த வாரம் என் வீட்டுக்காரர் கல்லறைக்குப் போனேன். அங்கே நின்று கண்ணை மூடினேன். அந்த நாடி வந்தது. இப்போதும் வருகிறது, போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அது இருக்கும்போதே ஜெபித்தேன். இரண்டே வரி. ஒன்று ஆண்டவருக்கு நன்றி. மற்றது இவரிடம் மன்னிப்பு.

அன்பானவர்களே, நம் ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறவர். பாத்திரம் தேய்த்துக்கொண்டு கேட்டதையும் கேட்டார். எனக்கு வேலையைத் தந்தார், வாயைத் திறந்தார், நான் பகைத்த அக்காவையே என் கையில் உயிரோடு தந்தார். நீங்களும் நம்பிக் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் கட்டாயம் ஜெபியுங்கள், வண்டியில் ஏற்றிவிட்டு ஜெபியுங்கள். ஆண்டவர் வண்டிக்குள்ளும் வருவார். யாராவது ஒருவருக்கு உண்மை தெரிந்திருந்தால், அவர் பாதியில் ஆமென் சொல்லட்டும். கோபப்படாதீர்கள்.

இப்போது எங்கள் ஐக்கியத்தில் வியாதிக்காரருக்காக ஜெபிக்கும்போது ராஜம் அக்கா என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்கள். ஜெபித்துக்கொண்டே ஒரு கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கண்ணைத் திறந்துதான் நிற்கிறேன். என் விரல் அந்த வியாதிக்காரரின் மணிக்கட்டில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அது தேவராஜின் கைதான்.