பதினைந்தாம் எண் மனையின் தண்ணீர்

"…குடிச்சுட்டு அப்புறம் பேசுங்கண்ணே, வெய்யில்ல நின்னு கத்துனதுல தொண்ட காஞ்சிருக்கும். இது சும்மா தண்ணி இல்ல, எளநி" என்று சொல்லிக்கொண்டே அந்த அக்கா சொம்பை நீட்டினார்.

காடாம்புலியூர்க்காரர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நான் என் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் எங்கள் மூவருக்கும் அந்த விஷயம் தெரிந்தது. அக்கா பூஜை போட்டு, போர் இறக்கி, அடிபம்பு மாட்டி, வீட்டுக்கு அஸ்திவார அளவுக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அந்த மனை அக்காவுடையது இல்லை. காடாம்புலியூர்க்காரருடையது. "இதுதான்க்கா உங்க எடம்" என்று காட்டிக்கொடுத்த புரோக்கர் நான்.

நான் நிலத்துக்குப் பிறந்தவன் இல்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் உள்ளே பேசுவது வெளியே கேட்கும். பேச்சு கேட்டே வளர்ந்த காது எனக்கு. "ஏய், நான் நல்லாருக்கேன்னு அழுதுக்கிட்டேதான் சொல்லுவேன், நீ நம்பணும்" என்று துபாய்க்குப் பேசிய ஒரு பெண்ணின் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. பூத்தில் நானும் மின்விசிறியும் மட்டும் மிஞ்சினோம். கீரப்பாளையம் போகிற வழியில் வயலை மனையாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்த ஒருவர், "ஒனக்கு வாய் இருக்கு, வண்டி இருக்கு, வேற இன்னா வேணும்? ஆளக் கூட்டியா" என்றார். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, வாய் மட்டும் போதாது என்று. முதல் கேள்வியே என்னைப் பற்றித்தான் வரும். "நீ எந்த ஊரு? யாரு ஊட்டுப் புள்ள? இதுக்கு முன்ன எத்தன பேருக்கு முடிச்சிக் குடுத்திருக்க?" முதல் ஆளே நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது? அடுத்தது, பட்டா யார் பேரில், மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா என்பார்கள். அதற்கடுத்தது, மழைக்குத் தண்ணி நிற்குமா, மினிபஸ் வருமா, பக்கத்தில் சுடுகாடு இருக்கிறதா. கடைசியாக, வண்டியில் ஏறும்போது, "ஆமா, தண்ணி எப்படி?" எல்லாரும் கேட்கிற கேள்வி அது. அதற்கு எல்லாப் புரோக்கருக்கும் ஒரே பதில்தான், "சூப்பரா இருக்கும் சார்."

முதல் ஆறு மாதம் ஒன்றும் முடியவில்லை. ஒரு வாத்தியார் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஊரிலுள்ள மனை எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில், "ஊட்ல சும்மா ஒக்காந்திருந்தா சண்ட வருது தம்பி, அதான் வந்தேன்" என்றார். இன்னொருவர் நான் காட்டிய இடத்தையே என்னை விட்டுவிட்டு நேரே போய் வாங்கினார். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வைத்தார் பாருங்கள், அங்கேதான் அசந்துபோனேன். "நீங்கதான தம்பி மொதல்ல காட்டுனது, வராம இருக்கக் கூடாது" என்றார். போனேன். வடை நன்றாக இருந்தது.

டீக்கடைக்காரர் தினமும் கேட்பார், "இன்னாப்பா, இன்னிக்கும் ஊர்கோலம்தானா?"

அப்போதுதான் அக்கா வந்தார். கடலூர் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். மீன் கூடை சுமந்து மகளைப் படிக்க வைத்தவர். மகள் சிதம்பரத்தில் நர்சிங் படித்து, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வரும்போது என் பூத்திலிருந்துதான் ஊரிலிருந்த தன் தம்பிக்குப் பேசுவார். "எத்தினியோ தரம் ஒன் பூத்துல அழுதிருக்கேன். ஒருத்தர்கிட்டயும் நீ சொன்னதில்ல. நீயே பாரு தம்பி, ஒரு மனை" என்றார். எனக்கு இருந்த ஒரே சர்ட்டிபிகேட் அதுதான்.

சுனாமி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அக்கா இரண்டே விஷயம்தான் கேட்டார். ஒன்று, கடல் சத்தம் கேட்கக் கூடாது. இரண்டு, தண்ணி உப்பாக இருக்கக் கூடாது. "எங்க தெருவுல அன்னிக்கி வந்த தண்ணி கெணத்துக்குள்ள பூந்துச்சு. இன்னும் வெளிய போகல. டீ போட்டா டீயா அது? இத்தினி வருசம் உப்புலயே பொழச்சாச்சு. என் மவளாவது நல்ல தண்ணில தலக்கி குளிக்கட்டும்."

கீரப்பாளையம் வழி மனைப்பிரிவுக்குக் கூட்டிப்போனேன். இரண்டே வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு மனை. கிழக்கே தார் ரோடு. மேற்குக் கடைசியில் ஒரு வீடு மட்டும் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டுப் போரில் உப்பு. பாத்திரம் கழுவத்தான் ஆகும். குடிக்க ரோட்டுக் குழாய்க்கு வருவார்கள். அதனால் யார் வந்தாலும் நான் அந்தக் கோடிக்குக் கூட்டிப்போவதில்லை. அக்காவிடமும் பொய் சொல்லவில்லை. "அந்தக் கோடி வேணாம்க்கா, உப்பு. ரோட்டுப் பக்கமா பாப்போம்" என்றேன். இரண்டாவது வரிசையில் பதினைந்தாம் நம்பர் விலைக்கு இருந்தது. ரோட்டிலிருந்து எண்ணினேன். பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. எல்லைக் கல் மேல் இருந்த நம்பரெல்லாம் மழையில் அழிந்திருந்தது. கையிலிருந்த வரைபடமோ ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். இரண்டாவது வரிசை முழுக்கக் கறுப்பாக இருந்தது.

காகிதத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. வில்லங்கம் போட்டேன். மூலப்பத்திரத்தைப் பத்திரம் எழுதுகிறவரிடம் இரண்டு தரம் காட்டினேன். பதிவு அன்றைக்கு நான்கு எல்லையையும் அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி. ஆபீஸில் உட்கார்ந்து படித்த எல்லையை நிலத்தில் நின்று ஒரு தரம் படிக்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

போர் போட்ட அன்று தண்ணி வந்ததும் அக்கா கையில் ஏந்திக் குடித்தார். பிறகு போர்க்காரருக்குக் கொடுத்தார். எனக்குக் கொடுத்தார். ரோட்டில் போன ஒரு ஆட்டோக்காரரை நிறுத்திக் கொடுத்தார். "தண்ணிக்கு ஓசி கேக்குற ஆள பாத்திருக்கேன். ஓசி குடுக்க வண்டிய மறிக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். நான் முடித்துக்கொடுத்த முதல் மனை.

பத்து நாள் கழித்து போன் வந்தது. "மனை போர்டுல இருக்குற போன் நம்பர் ஒன்னோடதுதான? என் மனையில யாருய்யா பம்பு வச்சது?"

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. போனால், ஒரு மினி லாரி நிறையக் கல் தூண். வேலி போட வந்திருந்தார் காடாம்புலியூர்க்காரர், முந்திரித் தோப்பு வைத்திருக்கிறவர். எதிரே அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "என் பத்திரத்துல பதினஞ்சு" என்கிறார் அக்கா. "என் பத்திரத்துல இருவத்திரெண்டு, இதான் இருவத்திரெண்டு" என்கிறார் அவர்.

என்னைப் பார்த்ததும், "வாய்யா, இங்க வா. ரெண்டாவது வரிசைய நீ எங்கேர்ந்து எண்ணுன?" என்றார்.

"ரோட்டுலேர்ந்துண்ணே."

"ரோட்டுலேர்ந்தா!" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்பா, மனை பிரிச்சவரு வெவசாயி. மொத வரிசைய ரோட்டுலேர்ந்து உள்ள போட்டுக்கிட்டுப் போனாரு. பன்னண்டு முடிஞ்சிது. அப்புறம் எங்க போவாரு? திரும்ப ரோட்டுக்கு ஓடியாந்தா பதிமூணு போடுவாரு? ஏர் ஓட்டுற மாதிரி அங்கயே திரும்பி வருவாரு. பதிமூணு அந்தக் கோடியில. ரோட்டுல இருக்குறது இருவத்திநாலு. நீ இன்னா வேல பாத்துக்கிட்டு இருந்த?"

"பூத்துண்ணே."

"அதான!"

கழனியில் ஒரு நாள் நின்றவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். நான் டெலிபோன் பில்லில் மேலிருந்து கீழே எண்ணிப் பழகியவன். அக்கா அலையை எண்ணி வளர்ந்தவர். ஏர் கோடியில் திரும்பும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பதினைந்து என்பது ரோட்டிலிருந்து மூன்றாவது இல்லை. மேற்கிலிருந்து மூன்றாவது. உப்புக் கோடி. வேண்டாம் வேண்டாம் என்று நானே சொன்ன இடத்தை அக்காவின் பெயருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அந்தக் கணக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. கை மெதுவாக இடுப்பிலிருந்து இறங்கியது.

காடாம்புலியூர்க்காரர் நல்ல மனுஷர். கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. தூணில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி வுடு. பதினஞ்சும் இருவத்திரெண்டும் ஒரே அளவு. ஒரே பக்கம் பாத்த வாசல். என் பொண்ணுக்குன்னு வாங்குனது, அவ இப்ப வூடு கட்டப் போறதில்ல. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தி எழுதிக்குவோம். பத்திரச் செலவு மட்டும் இந்தத் தம்பி தலையில" என்றார்.

"ஐயோ, தரேண்ணே!" என்று கத்தியே விட்டேன். போன உயிர் வந்தது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வந்தவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் பம்பிடம் ஓடினார். அடித்தார். சொம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினார். நான் முதலில் சொன்ன அந்தச் சொம்புதான் இப்போது காடாம்புலியூர்க்காரர் கையில் இருந்தது.

அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தார். நிறுத்தினார். இன்னொரு மடக்கு, மெதுவாக, வாயில் வைத்திருந்து விழுங்கினார். சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பம்பைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எங்க ஊர்ல போர் போட்டா பூமிக்கு அடியில போயும் காத்துதான் வருது. இது இன்னா தண்ணி! ஆமா தம்பி, அந்தப் பதினஞ்சுல தண்ணி எப்படி?"

தினமும் கேட்ட கேள்விதான். பதில் நாக்கு நுனியில் இருந்தது. சூப்பரா இருக்கும் அண்ணே. மூன்று வார்த்தை. சொன்னால் அக்காவின் வீடு நிற்கும். என் மானமும் நிற்கும். அவர் பெண் வந்து வீடு கட்டும்போதல்லவா தெரியப்போகிறது. வாயைத் திறந்தேன். பேசியே பிழைத்த வாய் அன்றைக்கு, அந்த இடத்தில், என்னைக் கைவிட்டது.

"உப்புண்ணே" என்றார் அக்கா.

திடுக்கிட்டுத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அந்தக் கோடியில எல்லாம் உப்பு. தம்பி எனக்கு அன்னிக்கே சொல்லிடுச்சு. ஒளிச்சு வச்சி மாத்திக்கிட்டா, நாளைக்கி ஒங்க பொண்ணு என்னத்தான வையும்."

லாரிக்காரர் கூட இறங்கி வந்து நின்றுவிட்டார். அக்காவின் வாயை நானாவது பொத்தியிருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று அடுத்த நொடி வெட்கமாகவும் இருந்தது.

காடாம்புலியூர்க்காரர் எழுந்தார். சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்காவிடம் நீட்டினார். "தாயி, நீ உண்மையச் சொல்லிட்ட. நானும் சொல்லிடறேன். தெரியாம இருந்தா மாத்தியிருப்பேன். இந்தத் தண்ணியக் குடிச்சதுக்கு அப்புறம், அது உப்புன்னும் தெரிஞ்சதுக்கு அப்புறம், எம்பொண்ணுக்கு உள்ளத மாத்தித் தர எனக்கு மனசு வரல. போர் போட்ட செலவ முழுசா குடுத்துடறேன். மன்னிச்சுக்க."

"அண்ணே, இப்பத்தான மாத்திக்கலாம்னு சொன்னீங்க…" என்று நான் ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பு என்று எதைக் காட்டுவது? அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டினால் தேவலை போல இருந்தது. ஊர்க் குடும்பப் பேச்செல்லாம் கேட்ட காது, அக்காவின் வாயிலிருந்து ஒரு வசவுக்காகத் தவித்தது.

அக்கா திட்டவில்லை. "ஒரு கொடம் எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. காடாம்புலியூர்க்காரர்தான் அவசரமாக, "எடுத்துக்கம்மா, எடுத்துக்க" என்றார். அக்கா பம்பு அடித்துக் குடத்தை விளிம்பு வரை நிரப்பினார். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மேற்கே நடந்தார். நான் வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். கடைசிக் கல்லுக்குப் போய் நின்றுகொண்டு, "இப்ப எண்ணுங்க தம்பி, சத்தமா" என்றார். எண்ணினேன். பதிமூணு. பதினாலு. பதினஞ்சு. அக்கா அந்த மனைக்குள் இறங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் குடத்தைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்த கோரையைப் பிடுங்க ஆரம்பித்தார்.