வெள்ளைச் சட்டை போட்ட ஞாயிறு

லேடி டாக்டர் என் மகளின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நகங்களைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் முறைத்தது என்னை. "மண்ணு திங்கிறாளா?" என்று கேட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி தலையாட்டினேன்.

அது அறுபதுகளின் கடைசி, தீபாவளி கழிந்த சமயம். அவளுக்கு மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. முகம் ஊதி, வயிறு முன்னால் தள்ளி, கை கால் குச்சியாக இருந்தாள். வயிற்றில் பூச்சி, உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். பூச்சி மருந்தும் கறுப்பாக ஒரு டானிக்கும் எழுதினார். கீரை கொடு, முட்டை கொடு, ஈரல் கொடு என்றார். நாங்கள் எழுந்து கிளம்பும்போதுதான் அந்தப் பேச்சைச் சொன்னார்.

"பொங்கல் கழிச்சுக் கூட்டிக்கிட்டு வா. அப்பவும் இப்படியே வெளுத்துப் போயிருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதுவேன். ரத்தம் ஏத்தணும். மண்ணை நிறுத்தலன்னா எந்த மருந்தும் ஏறாது, புரிஞ்சுதா?"

புரியாமல் என்ன. எங்கள் தெருவில் ஒரு குழந்தையை, பார்க்கவேண்டிய நேரமெல்லாம் விட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாடகைக் காரில் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். அந்தத் தாயின் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பாண்டிச்சேரி என்று யாராவது சொன்னாலே மகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

மண்ணை நிறுத்து என்று சொல்லிவிட்டார். நான் இருந்ததோ விருத்தாசலத்தில். டவுனுக்கு வெளியே வரிசையாகப் பீங்கான் கம்பெனிகள். அதில் ஒன்றில்தான் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தார். வெள்ளை மண்ணைக் கூழ் மாதிரி கரைத்து அச்சில் ஊற்றி ஜாடியும் பொம்மையும் எடுக்கிற வேலை. சுடுவதற்கு முன்னால் விரிசல் விட்ட பொம்மைகளைப் பிள்ளைகள் விளையாடட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவருவார். என் மகள் விளையாடவில்லை. கிளியின் மூக்கைத் தின்றாள், பிறகு தலையைத் தின்றாள். அந்தப் பச்சை மண் வாயில் வைத்ததும் கரையும், அதற்கென்று ஒரு வாசனை உண்டு. நாக்குக் கண்ட ருசி லேசில் விடுமா.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே வீட்டில் இருந்த அத்தனை பொம்மைகளையும் அள்ளிக்கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். ஏழு வயது மகன் தன் யானையை மட்டுமாவது விடச் சொல்லி அழுதான். விடவில்லை. அவள் நக்குகிற சுவரில் அவள் உயரத்துக்கு வேப்பிலையை அரைத்துப் பூசினேன். தெருப் பக்கம் விடவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டே சமைத்தேன், துவைத்தேன். போலீஸ்காரன் கூட அப்படிக் காவல் காத்திருக்கமாட்டான்.

அப்படியும் மண் அவள் வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தது. பகலெல்லாம் வாய் சுத்தமாக இருக்கும், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். ராத்திரி படுக்கவைப்பதற்கு முன்னால் வாய் கொப்பளிக்கவைத்தால் துப்புகிற தண்ணீர் பால் மாதிரி வரும். எங்கிருந்து எடுக்கிறாள்? யார் கொடுக்கிறார்கள்? மகனை நிறுத்திவைத்து விசாரித்தேன். அவன் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். பக்கத்து வீட்டுக்காரியையும் விடவில்லை. அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்காரரோ என்னைத்தான் கேட்டார். "பகல் பூரா வூட்டுல இருக்கிறது நீதான். உன் கண்ணு எங்க இருக்குது?"

ஈட்டியால் குத்தினமாதிரி இருந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கு நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே குறைந்துபோனது. சோறு போடவா, போடு. அவ்வளவுதான்.

சாப்பாட்டு யுத்தம் வேறு. முருங்கைக்கீரையை நெய்யில் வதக்கிப் பிசைந்தால் துப்புவாள். கேழ்வரகு அடையைப் பிய்த்து வெல்லம் தொட்டுக் கொடுத்தால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். ஆட்டு மண்ணீரலை எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம், ரத்தம் ஊறுவதற்கு அதை மிஞ்சி ஒன்று கிடையாது. தணலில் சுட்டு மிளகும் உப்பும் போட்டு வாய்க்குக் கொண்டுபோனால் பல்லைக் கிட்டித்துக்கொள்வாள். அத்தனையும் அண்ணன் தின்று அவன்தான் தளதளவென்று ஆனான். கொஞ்சினேன், மிரட்டினேன், நிலா காட்டினேன், கதை சொன்னேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

ஆனால் சாயங்காலம் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டால் போதும். நாளெல்லாம் சுருண்டு கிடந்தவளுக்கு எங்கிருந்துதான் தெம்பு வருமோ, ஓடுவாள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவர் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் மடியைவிட்டு எழுந்திருக்கமாட்டாள். அவருக்குப் பெருமை பிடிபடாது. "பாத்தியா, எம்பொண்ணுக்கு நான்னா உசுரு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாள் முழுக்க அவளோடு மல்லுக்கட்டுகிறவள் நான், ஆசையெல்லாம் அப்பாவுக்கா? பொறாமைதான். அதை ஏன் மறைக்கவேண்டும்.

டானிக் தீர்ந்துபோய் வாங்கப் போனபோது டாக்டர் அவளைத் தூக்கி எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வீட்டிலேயே அடைத்து வைத்து ஊட்டினால் எந்தக் குழந்தைக்கும் சோற்றின்மேல் வெறுப்புதான் வரும், எங்கேயாவது வெளியே கூட்டிப்போ, ஓடியாடட்டும், நாலு பிள்ளைகளோடு உட்காரவைத்தால் பசித்துத் தின்னும் என்றார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோறு ஊட்டுவதற்கு ஊர் ஊராகப் போகிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு மகளைப் பார்த்தார். திட்டக்குடிக்குப் பக்கத்தில் பெரிய ஏரி இருக்கிறது, மழைக்கு நிறைந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார்.

இரண்டு நாளாக அதற்கான ஏற்பாடுதான். மகனிடம் என்ன கொண்டுபோகலாம் என்று யோசனை கேட்டேன், எள்ளுருண்டை என்றான். மகளை முருங்கை இலை உருவச் சொன்னேன். அவள் கையால் உருவின கீரையை அவளே தின்பாள் என்று ஒரு நப்பாசை. கீரை அடை, அவித்த முட்டை, எள்ளுருண்டை, கொய்யாப்பழம் எல்லாம் தூக்குச்சட்டியில் போட்டு மூடினேன். ஞாயிறு காலையில் வீட்டுக்காரர் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடுகிற சட்டை. மற்ற நாளெல்லாம் அவருக்குக் காக்கிச் சட்டைதான், கம்பெனிக்கும் அதுதான் வீட்டுக்கும் அதுதான்.

பஸ்ஸில் மகள் அவர் மடியில்தான் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் முகத்தை அவர் வயிற்றில் வைத்துத் தேய்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சட்டை ஓரத்தை இழுத்து வாயில் வைத்தாள், துப்பினாள். இன்னொரு ஓரத்தை இழுத்தாள். பிறகு ஆரம்பித்தாள் அழுகையை. பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. என்னிடம் தாவினாள், என்னிடமும் நிற்கவில்லை. பசி என்றார் அவர். பசியானால் எள்ளுருண்டையைத் தட்டிவிடுவாளா?

ஏரியில் தண்ணீர் கண்ணுக்கெட்டிய மட்டும் கிடந்தது. காற்று சேலையைப் பிடுங்கிக்கொண்டு போனது. மரத்தடியில் இன்னும் இரண்டு குடும்பம் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்திருந்தது. என் மகன் அந்தப் பிள்ளைகளோடு ஓடிப்போனவன்தான், திரும்பிப் பார்க்கவில்லை. இவள் ஓடவில்லை. விரித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டே இருந்தாள். நான் அடையைப் பிய்த்து நீட்டினேன், தலையைத் திருப்பிக்கொண்டாள். என் பொறுமையெல்லாம் அத்தோடு போச்சு. முதுகில் ஒன்று வைக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவர் பாய்ந்து தூக்கிக்கொண்டார்.

"வா, அப்பா ஊட்றேன்."

அவள் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "இந்த அப்பா வாணாம்."

அவர் சிரித்தார். "பின்ன எந்த அப்பா வேணும் உனக்கு?"

"கம்பெனி அப்பா வேணும். அந்தச் சட்ட அப்பா." சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையின் ஓரத்தை மறுபடியும் இழுத்து வாயில் வைத்துச் சப்பினாள். எடுத்து எங்களிடம் காட்டி, இல்லை என்று தலையாட்டினாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கம்பெனியில் அச்சில் ஊற்றும்போதெல்லாம் அந்த மண்கூழ் தெறித்துத் தெறித்துக் காக்கிச் சட்டையின் முன்பக்கம் காய்ந்து வெள்ளையாக ஏடு கட்டியிருக்கும். வாரம் ஒருதரம் சோடா உப்பில் ஊறவைத்து அடித்துத் துவைக்கிறவள் நான். எனக்கே தோன்றவில்லையே. நான் சாத்திவைத்த கதவு, பூசிவைத்த வேப்பிலை எல்லாவற்றையும் தாண்டி மண் தினமும் சைக்கிளில் ஏறி, மணியடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்திருக்கிறது.

உன் கண்ணு எங்க இருக்குது என்று கேட்டாரே, அதைத் திருப்பிக் கேட்கிறதற்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்க முடியவில்லை. அவளை என் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். கட்டிக்கொண்டுபோன சாப்பாடு முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கை ஏற்றி, ஆணியில் தொங்கின காக்கிச் சட்டையை எடுத்துப் பார்த்தோம். முன்பக்கம் முழுக்க வெள்ளை. வயிற்றுப் பக்கம் அவள் முகம் படுகிற இடம் மட்டும் சப்பிச் சப்பித் துணி நிறம் தெரிந்தது, நூல் பிரிந்திருந்தது, துவைக்கும்போதெல்லாம் எலி கடித்தது என்றே நான் நினைத்திருந்தேன். அவர் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட வரலடி அவ. மண்ணுகிட்ட வந்திருக்கிறா" என்றார்.

பெருமைப்பட்ட மனுஷன். எத்தனையோ நாள் அந்தப் பெருமையை உடைக்கவேண்டும் என்று நினைத்தவள்தான் நான், உடைந்தபோது தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து காக்கிச் சட்டை கம்பெனியிலேயே தங்கிவிட்டது. அங்கே குழாயடியில் தலைமுழுகிவிட்டுத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். மணி கேட்டதும் அவள் ஓடுவாள். கிட்டே போய் மோந்து பார்ப்பாள். திரும்பி வந்து சுவரோரம் படுத்துக்கொள்வாள். அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். பிறகு கையை நீட்டுவதையும் விட்டுவிட்டார். ராத்திரி அவள் கொப்பளிக்கிற தண்ணீர் தெளிந்திருந்தது. அதற்கு நான் சந்தோஷப்படுவதா, அவர் இருக்கிற இருப்பைப் பார்த்து அழுவதா?

ஊட்டுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். வீட்டில் வேண்டாம், மண் இருக்கிற இடமும் வேண்டாம் என்று யோசித்து அவர் கண்டுபிடித்தது ஜங்ஷன். பிளாட்பாரம் முழுக்க சிமெண்ட். கீரைச்சோற்றை டிபன்பாக்ஸில் பிசைந்து கொடுத்துவிடுவேன், பிள்ளைகள் இரண்டையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு போவார். கூட்ஸ் வண்டி வந்தால் பெட்டிக்கு ஒரு வாய் என்று கணக்கு. முதலில் வேலை நடந்தது மகனிடம்தான். அவன் ஆவென்று திறப்பான், இவள் இஞ்சின் புகையை வேடிக்கை பார்ப்பாள். ஒருநாள் இவளும் வாயைத் திறந்தாளாம். நிலக்கரிப் பெட்டிக்கு ஒன்று, எண்ணெய்ப் பெட்டிக்கு ஒன்று. வண்டி சின்னது, அதற்குள் முடிந்துவிட்டது என்று அவர் வந்து ரயில்வேக்காரனைத் திட்டினார். நானும் அவரும் சிரித்துப் பேசி அப்போது வெகுநாள் ஆகியிருந்தது.

பொங்கல் கழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இமையை இழுத்தார், ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் மறுபடியும் இழுத்தார். கொஞ்சம் சிவப்பு ஏறியிருக்கிறது, பாண்டிச்சேரி வேண்டாம், இதே மாதிரி செய்துகொண்டு போ என்றார். நான் அங்கேயே அந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டது. சுவரோரம் இருந்தவள் எழுந்து ஓடினாள். அவர் செருப்பைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றார். கையை நீட்டவில்லை. அவள் வழக்கம்போலச் சட்டை ஓரத்தைப் பிடித்து மூக்கில் வைத்தாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பவில்லை. இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு அண்ணாந்து, "கூட்ஸு போயிடப் போவுதுப்பா" என்றாள்.

அவர் டீ குடிக்கவில்லை, உட்காரவில்லை. அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, சைக்கிளைக்கூட விட்டுவிட்டு நடந்தே கிளம்பிவிட்டார். சோற்றை எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் பின்னாலேயே கத்தினேன். அவருக்குக் காது கேட்கவில்லை. அந்தச் சட்டையில் சோப்பு வாசனையைத் தவிர வேறு ஒன்றுமே கிடையாது, நான்தான் துவைத்திருந்தேன்.